சிதம்பரத்துக்குச் சைக்கிளில் போன அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்தில் நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் என்பதால் எழுதுவதற்கும் தயங்கினேன். அண்ணிதான் விடவில்லை. "நீங்க எழுதுங்க தம்பி. அவரு குடிச்சத மறைக்காதீங்க. அத மறைச்சா, அவரு ஜெயிச்சதும் தெரியாமப் போயிடும்" என்றார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

கம்மாபுரத்தை அடுத்த சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், எங்களைக் கடலூர் முதுநகருக்கு அழைத்து வந்து மண்டியில் மூட்டை தூக்கிக் காப்பாற்றினார். அக்காவுக்குத் திருமணம் செய்து வைத்தார். எனக்குச் சைக்கிள் கடை போட்டுக் கொடுத்தார். யார் வீட்டில் துக்கம் என்றாலும் பாடைக்கு மூங்கில் வெட்ட முதலில் போகிறவர் அவர்தான். சிதம்பரத்தில் பெண் எடுத்தார். ஒரு மகள் பிறந்தாள்.

குடி அவரிடம் உடம்பு வலிக்கு மருந்தாகத்தான் வந்தது. லாரியில் சரக்கு இறக்கிய பிறகு கொஞ்சம் என்று ஆரம்பித்தார். போகப் போக, லாரி வராத நாளிலும் குடித்தார். 2005ஆம் ஆண்டு அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பார்க்க அண்ணன் பஸ்ஸில் போவார். இறங்கும் இடத்திலேயே மதுக்கடை இருந்தது. மாமியார் வீட்டு வாசலை அடையும்போது அவரால் நிற்க முடியாது. அவருடைய மச்சான், அண்ணியின் தம்பி, கதவைச் சாத்திவிடுவார்.

ஒரு நாள் ரத்த வாந்தி எடுத்த அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையும் ஊசியும் கொடுத்து அவரைத் தேற்றிய டாக்டரம்மா, வீட்டுக்கு அனுப்பும்போது தினமும் சாயங்காலம் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். அண்ணன் சிரித்துவிட்டார்.

"நாளெல்லாம் மூட்ட தூக்கறேன்மா. எனக்கு எதுக்கு எக்சைசு?"

"அது மண்டிக்காரருக்காகத் தூக்கறீங்க. உங்களுக்காக ஒரு மணி நேரம் உடம்ப அசைங்க. குடிக்கிற நேரத்துல அசைங்க" என்றார் அந்த அம்மா.

மறுநாள் சாயங்காலம் என் கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிளை எடுத்தார். தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய் வந்தார். கூட மூட்டை தூக்குகிறவர்கள், "இன்னா அண்ணாத்தே, பேப்பர் போடற வேலையில சேந்துட்டியா?" என்று கிண்டல் செய்தார்கள். அண்ணன் மணியை அடித்துக்கொண்டே போய்விடுவார். என்னிடம் மட்டும் சொன்னார்: "பொழுது சாஞ்சா தொண்ட கூப்புடுதுடா. மிதிச்சிகினே இருந்தா, எங்கியோ ஒரு எடத்துல அது பின்னால நின்னுடுது."

சைக்கிள் மட்டுமே அவரைக் குணமாக்கியது என்று நான் எழுத மாட்டேன். மாத்திரை உண்டு, டாக்டரம்மாவின் பேச்சும் உண்டு. நடுவில் ஒரு தீபாவளிக்கு மறுபடியும் குடித்துவிட்டார். மறுநாள் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்தார்.

கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பஸ் வேண்டாம் என்று முடிவு செய்து சிதம்பரத்துக்கே சைக்கிளில் கிளம்பினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெயிலில் மிதித்து, மாமியார் வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறார். கண் சிவந்திருந்தது. நாக்கு வறண்டு பேச்சு குழறியது. கால் பிடித்துக்கொண்டதால் தள்ளாடினார். அதைப் பார்த்த மச்சான், "அக்கா, உள்ள போ. பகல்லியே ஏத்திகினு வந்துட்டாரு" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இங்கே எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. வரும் வழியெல்லாம் மதுக்கடைகள். இருட்டும் நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தார். கிட்டே போனேன். வியர்வை நாற்றம் மட்டும்தான்.

"கதவ சாத்திட்டான்டா" என்றார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "செயினுக்கு எண்ண போட்டு வை. அடுத்த வாரமும் போவணும்" என்றார்.

அடுத்த வாரம் மச்சான் தெருவிலேயே மறித்தார்.

"வாய ஊதுங்க மாமா."

அண்ணன் ஊதினார்.

"இன்னொரு வாட்டி ஊதுங்க."

"எத்தினி வாட்டிடா ஊதறது, நீ இன்னா பலூனா?"

"அப்ப காலு ஏன் ஆடுது?"

"நீயும் மிதிச்சிப் பாரு மச்சான். ஆடுதா இல்லியான்னு தெரியும்."

நம்பாத மச்சான் அன்றே ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, திரும்பி வரும் அண்ணனோடு கடலூருக்குக் கிளம்பினார். புதுச்சத்திரத்தில் ஒரு புளியமரத்தடியில் படுத்துவிட்டார். அண்ணன் அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்து, சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மிதித்தே வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கிய மச்சான், எனக்கு முன்னால்தான் என் கடைப் போனில் அண்ணியிடம் பேசினார்: "அக்கா, பொட்டிய கட்டு. குடிச்சவனால இந்த மிதி மிதிக்க முடியாது. எனக்கே உசுரு போயிடுச்சி."

அண்ணி வந்தார்கள். ஆனாலும் தினமும் சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும், யாரும் கேட்காமலே அண்ணன் அவர்கள் முன்னால் போய் ஊதிக்காட்டுவார். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒரு நாள் அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே, "ஊத வாணாம். கை கால கழுவிட்டு சாப்புட வாங்க" என்றார்கள். அண்ணன் கடைக்கு ஓடி வந்து அதை என்னிடம் சொன்ன முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கிண்டல் செய்தவர்களில் சிலரும் பிறகு அவரோடு மிதிக்க வந்தார்கள்.

பழைய குடி ஈரலில் செய்த கெடுதல் கடைசியில் நோயாக வந்தது. ஆனால் அண்ணன் குடிகாரராகப் போகவில்லை. தெளிந்த கண்ணோடு, மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்கப் போனார். கடைசி வாரத்தில் டாக்டர் மூச்சை இழுத்து விடச் சொன்னபோது, அண்ணியைத் திரும்பிப் பார்த்து, "பாரு, மறுபடியும் ஊதச் சொல்றாங்க" என்றார். அண்ணி சிரித்தார்கள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மருத்துவம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த முதுநகர் நண்பர்களுக்கும், சாவு வீட்டில் யாருக்கும் மது வாங்கித் தரக்கூடாது என்று அண்ணி சொன்னதை மதித்த பங்காளிகளுக்கும் நன்றி. சிதம்பரத்திலிருந்து பதினாறாம் நாள் காரியத்துக்குச் சைக்கிளிலேயே வந்து, வாசலில் கால் தள்ளாடி நின்ற மச்சானுக்குத் தனி நன்றி. அன்று அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது அண்ணி.

அண்ணனின் சைக்கிளை நான் விற்கவில்லை. சாயங்காலம் தொண்டை கூப்பிடுகிற யார் வேண்டுமானாலும் கடைக்கு வந்து எடுத்துப் போகலாம். என்னிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதும் இந்தச் சாயங்காலத்தில்கூட அது கடையில் இல்லை. மண்டியில் அண்ணனோடு மூட்டை தூக்கியவர் ஒருவர் எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார்.