நமுத்துப்போன மக்ரோன்

நான்காவது கடையிலிருந்தும் வெறுங்கையோடு நடந்தேன். பெங்களூரிலேயே நல்ல மக்ரோனாக, அந்தப் பிரெஞ்சு இனிப்பாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருந்தாள் அக்கா மகள். மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள். ஊருக்கு இருப்பதே ஒரு பஸ், இரவு ஏழு மணிக்கு. எந்தக் கடையில் கடித்துப் பார்த்தாலும் மேல் ஓடு உடைந்தது, உள்ளே பிசுபிசுவென்று ஒட்டியது. பழசு என்றேன், கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

முட்டை வெள்ளையும் சர்க்கரையும் வேகும் அந்த வாசனைதான் என்னைக் கெடுத்தது. சின்ன வயதில் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் ராவுத்தரின் பேக்கரி வாசலிலும் அதே வாசனை, மாட்டுச் சந்தைத் தெருவின் சாண வாசனையைத் தாண்டி வரும். ராவுத்தர் முந்திரி போட்டுச் சுடும் மக்ரூனில் ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகே அப்பா பொட்டலம் கட்டச் சொல்வார்.

“ஏனுங்க கவுண்டரே, மாட்டுக்குப் பல்லுப் பாக்கற மாதிரியே பாக்கறீங்க?”

“நொறுங்கோணுமுங்க ராவுத்தரே. நமுத்தத எங்க மாடே தொடாது,” என்று சொல்லிவிட்டு, நொறுங்காத நாளில் அப்பா நடையைக் கட்டிவிடுவார்.

ஐந்தாவது கடையிலும் பிசுபிசுப்புதான். அக்கா மகளைப் போனில் கூப்பிட்டுப் புலம்பினேன்.

“உள்ள மெத்துனுதான் மாமா இருக்கோணும். நல்லதுன்னா அதுதான். மொதக் கடையிலயே வாங்கிட்டு வந்திருக்கலாமில்ல?”

அங்கேயே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே தின்றேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. பிறந்தநாள் முடிந்தபின் ஊருக்குப் போய் என்ன செய்வது? மறுநாள் காலை பெங்களூர்க் காய்கறிச் சந்தையிலேயே கேரட் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கேரட்டாவது கடித்தால் நொறுங்கும்.