அர்கிரோ கையாட்டிய கப்பல்

எதிர்வீட்டு ஸ்டமாட்டிஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் எனக்கும் ஆசை. கெட்டவன் இல்லை. ஆனால் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முப்பத்தோரு வருஷம் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டவன் அவன். முதல் பன்னிரண்டு வருஷம், எங்கள் சீரோஸ் தீவைத் தொட்டுப் போகும் கப்பல். புதன்கிழமைதோறும் வரும், கால் மணி நேரம் நிற்கும், வேலையாட்களை இறங்க விடமாட்டார்கள். அவன் மனைவி அர்கிரோ இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு துறைக்குப் போய், தலையில் கட்டிய சிவப்புத் துணியை அவிழ்த்து ஆட்டுவாள். "பாத்தேன், செவப்பு நல்லா தெரிஞ்சுது" என்று அவன் போனில் சொல்வான். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அது போதும்.

பிறகு பட்ராஸ் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் வெனிஸ் போகும் கப்பலுக்கு மாற்றினார்கள். லீவில் வந்தால் வெனிஸைப் பற்றி அளந்து தள்ளுவான். கப்பல் உள்ளே நுழையும்போது உயரமான மணிக்கூண்டு இடது பக்கம் வருமாம், பக்கத்திலேயே பெரிய சதுக்கமாம். அர்கிரோ அதை எங்களுக்குச் சொல்லிச் சொல்லி எத்தனை காபி ஆறிப்போனது. "வீட்டுல ஒருத்தராவது உலகத்த பாக்குறோமே" என்பாள்.

அவன் ஓய்வு பெற்றதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ பாத்ததெல்லாம் எனக்குக் காட்டு. அவசரமே கூடாது. கொஞ்சம் கப்பல், கொஞ்சம் ரயில்." ஊர் மிட்டாயான லுக்குமியில் நாலு பெட்டி வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு நாள் பயணம் கிளம்பினார்கள். மீதியை இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் பொருந்தியதால் நம்புகிறேன்.

வெனிஸ் வரும் காலையில் அர்கிரோ மேல்தளத்தின் இடது பக்கம் இடம் பிடித்தாள். லுக்குமி கொடுத்துச் சிநேகமான பட்ராஸ் பெண்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். "என் வீட்டுக்காரரு பத்தொம்பது வருஷம் வந்த வழி. இந்தப் பக்கம் நில்லுங்க." கப்பல் வேகம் குறைந்ததும் அந்த வீட்டுக்காரரின் கால்கள் மாடிப்படியைப் பார்த்து நகர்ந்தன.

"எங்க போற?"

"துறைமுகம் வருதே. கீழ போகணும்."

"வேலைய விட்டு மூணு மாசம் ஆச்சு. நில்லு, ஸ்டமாட்டி."

இடது பக்கம் ஒரு கோயில் வந்தது, மணிக்கூண்டும் இருந்தது. "அதான், அதேதான்" என்றான். பட்ராஸ்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடுறாங்களே, அர்கிரோ. சதுக்கம் அங்கதான் இருக்காம்." ஆறு பெண்களும் ஓடினார்கள். அர்கிரோவுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகும் தொப்பியும்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "கப்பல் துறைக்குள்ள நுழையும்போது எஞ்சின் ஆள் ஒருத்தனும் மேல இருக்கக் கூடாது. கிளம்பும்போதும் அதே கதைதான். நடுவுல பம்ப்பக் கழட்டுவோம், இல்லன்னா தூங்குவோம்."

"அப்ப மணிக்கூண்டு?"

"துறை வாசல்ல படம் போட்ட கார்டு விப்பாங்க."

"நானும் பாக்கல, நீயும் பாக்கல. அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து யாருதான் பாத்தா?"

இதைக் கேட்டபோது எனக்கே உடம்பு கொதித்தது. ஒரு மனுஷனை முப்பத்தோரு வருஷம் கடலில் வைத்திருந்து கடலைக் காட்டாமல் அனுப்பியவர்கள் நாசமாய்ப் போகட்டும். ஆனால் வாய் கூசாமல் பொய் சொன்னது அவர்கள் இல்லையே.

பயணத்தை அவள் விடவில்லை. பொலோன்யா, அன்கோனா, பாரி என்று ஊர் ஊராக ரயிலில் மெதுவாகத்தான் போனார்கள். அவனிடம் மட்டும் நேராகப் பேசவில்லை. ஹோட்டலில் பரிமாறுகிறவரிடம், "அந்த ஆளுக்கு உப்பு வேணுமானு கேளுங்க" என்பாளாம். இத்தாலிக்காரருக்கு அது எங்கே புரியும்.

திரும்பி வருகிற அன்று பெட்டி தூக்க உதவலாம் என்று நான் துறைக்குப் போயிருந்தேன். அர்கிரோ மட்டும் இரண்டு பெட்டியோடு இறங்கி வந்தாள், முகம் கடுகடுவென்று.

"அவன் எங்க?" என்றேன்.

"மேல நிக்கச் சொல்லியிருக்கேன். இப்ப ஊர் தெரிஞ்சப்பதான் எனக்கு உறைச்சுது. புதன்கிழமை நான் கையாட்டுனப்பவும் நீ கீழதானே இருந்தன்னு கேட்டேன். தொப்பிய இழுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டான்."

பெட்டியைக் கீழே வைத்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள். அன்றும் சிவப்புதான். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து ஆட்டினாள்.

"தெரியுதா?" துறையே திரும்பிப் பார்த்தது.

"தெரியுது."

"என்ன கலரு?"

"செவப்பு, அர்கிரோ."

கப்பலின் பின்கதவு மேலே ஏறத் தொடங்கியது. எனக்குப் பதறியது. "கப்பல் கிளம்புதுடி, ஆள இறங்கச் சொல்லு."

"கிளம்பட்டும். அப்பல்லாம் கிளம்பித்தானே போச்சு."

கப்பல் அவனையும் தூக்கிக்கொண்டு அடுத்த தீவான தீனோஸுக்குப் போனது. அவன் தொப்பியைக் கழற்றி, கலங்கரை விளக்கம் தாண்டும்வரை ஆட்டிக்கொண்டிருந்தான். அவளும் கையை இறக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துப் புதன்கிழமைகளையும் ஒரே மூச்சில் ஆட்டித் தீர்த்தாள். அழுதுகொண்டேதான் ஆட்டினாள், அவனைத் திட்டிக்கொண்டும்.

மறுநாள் மத்தியானக் கப்பலில் அவன் திரும்பி வந்தான். அர்கிரோ துறைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அவனுக்குப் பிடித்த வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள்.