மதிலோரத்து எலுமிச்சம்பழம்

அம்பத்தூரில் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் நாங்கள் குடியிருந்த வீட்டில் மூன்று போர்ஷன், எல்லோருக்கும் ஒரே கிணறு. கிணற்றை ஒட்டி அரை ஆள் உயர மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தெருமுனை. பிளாஸ்டிக் கவர் கடைக்குக் கடை வந்துவிட்ட புதிது. குப்பையைக் கட்டி விட்டெறிய அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? எதிர்வரிசை வீடுகளில் போர்வெல் போட்டிருந்தார்கள். எங்கள் கிணற்றைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? வீசியதெல்லாம் மதிலோரம் அழுகி, மழை பெய்தால் கிணற்றில் இறங்கியது.

என் மகளுக்கு அப்போது வயது ஒன்றுகூட ஆகவில்லை. மாதத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு. "மருந்து நான் குடுக்குறேன், தண்ணிய நீங்கதாம்மா பாக்கணும்" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கொதிக்கவைத்து, வடிகட்டித்தான் கொடுத்தேன். அப்படியும் அவள் கால்கள் சூம்பிக்கொண்டே போயின. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் நின்று கத்திப் பார்த்தேன். கத்தும்போது யாரும் போடவில்லை, அவ்வளவுதான். அடுத்து என் வீட்டுக்காரர் மதிலில் 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று கரியால் பெரிதாக எழுதினார். சும்மா இருந்திருக்கலாம். எல்லாரும் இங்கேதான் கொட்டுகிறார்கள் போலிருக்கிறதே என்று அடுத்த தெருக்காரர்களும் தேடிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. ஓர் அமாவாசை விடிகாலையில் குப்பையை வாரிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் மூன்று எலுமிச்சம்பழங்களைக் குங்குமம் தடவி வைத்தார். பக்கத்தில் காய்ந்த மிளகாய். "இனிமே எவனாவது கிட்ட வரட்டும், பாப்போம்" என்றார். நான் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க ஒரு கவர்கூட விழவில்லை. யாருக்கோ தோஷம் போகக் கழிப்பு கழித்திருக்கிறார்கள் என்று தெருவே ஒதுங்கி நடந்தது. பழம் வாட வாட மாற்றினோம். பழைய நாற்றம் போகக் கிணற்றுக்கு இன்னும் நாளாகும்; புதிதாக எதுவும் விழவில்லையே என்று கொஞ்சம் மூச்சு விட்டேன்.

ஒரு ஞாயிறு பகலில் கேட் தடதடவென்று ஆடியது. எதிர்வீட்டுக்காரி. பின்னால் ஒரு கூட்டம். என் வீட்டுக்காரர் ஓவர்டைம் போயிருந்தார்.

"இன்னாமே வச்சிகீற அங்க? என் பொண்ணு பந்து எடுக்கப் போயி அத்தத் தாண்டிட்டா. நேத்துலேர்ந்து ஒடம்பு அனலாக் கொதிக்குது. யாருக்கு ஏவி உட்ட, சொல்லு!"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"டாக்டரு இன்னா பண்ணுவாரு? பூசாரியக் கூப்புட ஆள் போயிகீது!"

கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லு என்றது ஒரு குரல். யாரோ கேட்டின் தாழ்ப்பாளைத் தள்ளினார்கள். இடுப்பில் என் மகள் வீறிட்டாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே மதிலோரம் கவர் விழும். சொல்லாவிட்டால் அங்கே ஒரு குழந்தை மருந்தில்லாமல் காய்ச்சலில் கிடக்கும்.

நேராகப் போய் மதிலோரத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது.

"வாங்கக்கா உள்ள. நீங்களே கிணத்துல தண்ணி எடுங்க."

அவள் முறைத்துக்கொண்டே ஒரு வாளி இறைத்தாள். குங்குமத்தைக் கழுவி, பழத்தை நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்தேன். "குப்பை போடாம இருக்கத்தான் வச்சோம். ஏவலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் பாதியைக் குடித்தேன். மீதியை அவளிடம் நீட்டினேன்.

வாங்கிவிட்டாள். வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். குனிந்து வாளியை முகர்ந்தாள்.

"இன்னாது, தண்ணி இப்டி நாறுது?"

"மதிலுக்கு அந்தாண்ட நீங்க போட்டதுதான்க்கா."

"இத்தயா கொயந்தைக்குக் குடுக்குற?"

"வேற தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

அவள் என் மகளின் கால்களையே பார்த்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. டம்ளரைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போவதைப் பார்த்தேன். சாதாரணச் சளிக்காய்ச்சல்தானாம்.

மறுநாள் காலை அடுப்பு பற்றவைக்கும்போது மதிலோரம் தொப்பென்று ஒரு சத்தம். பயம் தெளிந்துவிட்டது, குப்பை வந்துவிட்டது. சண்டைக்குத் தயாராகக் கதவைத் திறப்பதற்குள், எதிர்வீட்டு வாசலிலிருந்து தெரு அதிர ஒரு குரல் கிளம்பியது.

"ஏய், யாரு அது? எடு அந்தக் கவர! அந்தாண்ட ஒரு கைக்கொயந்த குடிக்கிற தண்ணி கீது!"