சும்மா இருந்த ரத்தம்

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது இரண்டே பதில்கள். ஒன்று "சரி". மற்றொன்று பேசாமல் இருப்பது. பெண் பிறந்திருக்கிறாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோது "சரி" என்றார். சமையலறைத் திரைச்சீலை தீப்பிடித்து நான் வீடே அதிரக் கத்தியபோதும் "சரி, சரி" என்றபடி வாளியோடு வந்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அடிக்கிறேன், என் கைதான் வலிக்கிறது.

இந்த மனிதருக்கும் ஓரிடத்தில் ஏகப்பட்ட மவுசு. ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர் ஸ்டோர் கீப்பர். கையுறை, கண்ணாடிக் குழாய், ரசாயனம் எதுவானாலும் அவர் சாவிக்கொத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் மவுசு சாவிக்கு இல்லை, அவர் ரத்தத்துக்கு.

அங்கே ரத்தத்தில் இருக்கும் செல்களை ஆராய்கிறார்கள். செல்லுக்குள் சில புரதங்கள் தபால்காரர் வேலை பார்க்கின்றனவாம். வெளியிலிருந்து ஏதாவது சேதி வந்தால் அந்தப் புரதத்தின் மேல் ஒரு முத்திரை விழும். முத்திரை விழுந்த புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஆன்டிபாடி உண்டு. அதோடு ஒரு சாயத்தையும் கோத்து விடுகிறார்கள். லேசர் பட்டதும் சாயம் மினுங்கினால் செல் விழித்திருக்கிறது, இருட்டாக இருந்தால் தூங்குகிறது. விஷயம் இவ்வளவுதான். இதற்கு அவர்கள் பேசும் பேச்சைக் கேட்டால் தலை சுற்றும்.

செல்லை எழுப்ப மருந்து விட்ட ரத்தத்தோடு ஒப்பிட, மருந்து விடாத ரத்தம் ஒன்று பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதில் இவரை மிஞ்ச ஆள் உண்டா? மற்றவர்கள் ரத்தம் அங்கங்கே லேசாக மினுங்குமாம். இவருடையது கும்மிருட்டாம். கம்ப்யூட்டரில் எடுத்த அந்தக் கும்மிருட்டுப் படத்தைச் சட்டம் போட்டு ஸ்டோர் ரூமில் மாட்டி வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணப் படம் பீரோவுக்குள் கிடக்கிறது. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

இந்த லட்சணத்தில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வேலைக்காக வெளியூர் போன மகள் தன் பழைய குட்டிக் காரை எங்களிடம் விட்டுப் போயிருந்தாள். "அக்கா, நீ ரோட்டுல வந்தா மரமெல்லாம் நகர்ந்து நிக்கும்" என்று என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். முதல் தேர்வில் தோற்றேன். அடுத்ததில் தேர்வாளர் பாதி வழியிலேயே இறங்கி நடந்து போய்விட்டார். ஆனால் அதற்கடுத்த தடவை தேறிவிட்டேன்! ஆடிக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன்.

"ஏங்க, பாஸ் பண்ணிட்டேன்!"

"சரி."

அழுகையே வந்துவிட்டது. தம்பி கேலி செய்தால் போகிறான் கழுதை. இவர் வாயிலிருந்து ஒரே ஓர் "அடேங்கப்பா" வந்தால் போதும் என்றிருந்தேன்.

"நாளைக்கு உங்கள நான்தான் வேலைக்குக் கொண்டுபோய் விடுவேன்" என்றேன். மிரட்டுகிற மாதிரிதான் சொன்னேன்.

"சரி."

மறுநாள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இண்டிகேட்டர் போட நினைத்தேன், வைப்பர் ஆடியது. ரவுண்டானாவில் வெளியே வரும் வழியை விட்டுவிட்டு இன்னொரு சுற்று சுற்றினேன். அங்கே நின்ற பேப்பர்காரர் இரண்டாம் முறையும் கையசைத்தார். சிக்னலில் வண்டி அணைந்துபோக, பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. இவர் வாயே திறக்கவில்லை. ஆய்வுக்கூட வாசலில் ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினேன். "சரி, வரேன்" என்று இறங்கிப் போனார்.

மத்தியானம் போன் வந்தது. ஆய்வுக்கூடத்தில் ரத்தத்துக்குச் சாயம் ஏற்றுகிற பெண். மஞ்சள் ஃப்ரேம் கண்ணாடி போட்டிருப்பாள் என்பதால் எனக்கு அவள் மஞ்சக்கண்ணாடி.

"அக்கா, காலையில வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"

"ஐயையோ, அவருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல, எப்பவும் போல கல்லு மாதிரி இருக்கார். வந்ததுமே ரத்தம் எடுத்தேன். மருந்தே விடலக்கா, கல்யாண வீடு மாதிரி ஜொலிக்குது!"

ஆன்டிபாடி கெட்டுவிட்டதோ என்று புதிதாக எடுத்தாளாம். மெஷினைக் கழுவினாளாம். தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தால் அது சமர்த்தாகத் தூங்கியதாம்.

"கார்ல நான்தாம்மா கொண்டுவந்து விட்டேன்" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் என் காது அடைத்துவிட்டது. "அப்ப அட்ரினலின் எகிறியிருக்கும்க்கா!"

"அது சந்தோஷத்துலயா, பயத்துலயா?"

"அத மெஷின் சொல்லாதுக்கா. ரெண்டுக்கும் ஒரே மினுக்குதான்."

போனை வைத்துவிட்டு வீடு முழுக்கக் குதித்தேன். என்னால் அந்த அம்மி நகர்ந்துவிட்டதே! சாயங்காலம்தான் மனசு அரிக்கத் தொடங்கியது. பயம் என்றால் நான் இனி ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்.

"ஏங்க, காலையில பயந்தீங்களா, சந்தோஷப்பட்டீங்களா?"

"தெரியல" என்றார். எங்கள் வீட்டில் மூன்றாவது பதில் பிறந்தது அப்போதுதான்.

அடுத்த வாரம் அவரைப் பஸ்ஸில் வரச் சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பழையபடி கும்மிருட்டு. ஒப்பீட்டு ரத்தம் வேண்டுமானால் இவர் இனி காரில் வரவே கூடாது என்று தலைமை ஆய்வாளர் முடிவு செய்துவிட்டார். மஞ்சக்கண்ணாடி தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கார் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், டிபன் பாக்ஸோடு கார்க் கதவருகே நிற்கிறார். கையில் சாவி. அரிசி மணி ஒட்டியிருந்தது.

"பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்" என்றேன்.

"ரத்தத்துக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

"என்னங்க சொல்றீங்க! அப்ப அந்தப் படம்?"

"கழட்டிட்டேன்." ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பினேன். "பயமா இல்லியா?"

"இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமினார். "அந்த ரவுண்டானாவுல... அன்னைக்கு மாதிரி இன்னொரு சுத்து சுத்தேன்."

மூன்று சுற்று சுற்றினேன். பேப்பர்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் கையசைத்தார். பக்கத்து சீட்டில் யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் வண்டி ஓட்டுகிறவள் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும்.