கூடலூர்க் கடையில் உளி பார்த்தவள்

கூடலூரில் குமுளி ஜீப்புக்கு ஆள் சேரக் காத்திருக்கிறேன். மழை பிடித்துக்கொள்ள, எதிரே உள்ள இரும்புக் கடைக்குள் ஒதுங்குகிறேன். அங்கே ஒரு பெண் உளி வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வோர் உளியாக எடுத்து, அதன் பின்பக்கத்தை மேசைக் கண்ணாடியில் படியவைத்துக் குனிந்து பார்க்கிறாள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் ஒதுக்கிவிடுகிறாள்.

கடைக்காரருக்குப் பொறுமை போகிறது. “ஏத்தா, வேலை பாக்குற ஆளக் கூட்டிட்டு வா. அவுக பாத்து எடுக்கட்டும்.”

“வேலை பாக்குறது நாந்தான். குமுளியில கதவு செய்யப் போறேன். இம்புட்டு நாளா உப்புத்தாள் தேய்க்கத்தான் விட்டாக. இனிமே தேய்க்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“எல்லாம் ஒரே கம்பெனி உளிதான். எத எடுத்தா என்ன?”

“வளைஞ்ச உளி நேரா செதுக்காது. அப்ப உளியக் குத்தம் சொல்ல மாட்டாக, பொம்பளை கையத்தான் சொல்லுவாக.”

அவர் உளிப் பெட்டியைத் தன் பக்கம் இழுக்கிறார். அவள் அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஜீப் ஹாரன் அடிக்கிறது. அவள் திரும்பவில்லை. கடைசியில் ஓர் உளி கண்ணாடியோடு ஒட்டிப் படிகிறது.

“மெஷின்ல தீட்டித் தரவா?” கடைக்காரர் குரல் இறங்கியிருக்கிறது.

“வேணாம். சூட்டுல எஃகு கெட்டுரும். என் கல்லுலயே தீட்டிக்கிறேன்.”

ஜீப்பில் என் பக்கத்தில் அமர்ந்து, உளியை எண்ணெய்த் துணியில் சுற்றுகிறாள்.

“கதவு வேலை தர்றேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரா?” என்று கேட்கிறேன்.

“இன்னும் சொல்லல. போயி கதவு மரத்துக்கிட்ட உளியோட நிப்பேன். முடிஞ்சா வெரட்டிப் பாக்கட்டும்.”