மானுக்கு எதுக்கு சென்ட்டு?

எங்கள் மாமாவின் குட்டியானை வண்டியில் எப்போதும் ஒரு கறுப்பு டேங்க் உட்கார்ந்திருக்கும். திருவண்ணாமலையில் இருக்கும் லாட்ஜுகளுக்கும் ஓட்டல்களுக்கும் தண்ணீர் அடிப்பதுதான் அவர் பிழைப்பு. அந்தச் சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் டேங்கை இறக்கி வாசலோரம் வைத்துவிட்டு, வண்டியைக் கழுவி, பின்னால் ஜமுக்காளம் விரித்திருந்தார். மான் பார்க்கப் போகிறோம் என்று அம்மா சொன்னாள்.

மாமா அம்மாவின் தம்பி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தெருமுனை வரைக்கும் வாசனை அடித்தது.

"மானுக்கு எதுக்கு சென்ட்டு?" என்று கேட்டேன்.

"வாய மூடிகினு ஏறுடா" என்றாள் அம்மா. ஆனால் சிரிப்பை அவளாலேயே அடக்க முடியவில்லை.

பெண் பார்க்கிறோம் என்று சொல்லாமல் பெண் பார்த்துவிட்டு வருகிற பயணம் அது. மாமாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் ஊர் வாயில் விழ வேண்டாம் என்று அப்பாவின் சிநேகிதர் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். அவர் வீடு சாத்தனூர் அணைப் பக்கம். அன்றைக்கு அவருடைய மச்சினி மகளும் அவளுடைய அப்பாவும் அங்கே தற்செயலாக வந்திருப்பார்கள். நாங்களும் தற்செயலாகப் போவோம். பெண்ணின் அப்பா போட்டது ஒரே கண்டிஷன்: மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. மாமா கலர் சோடாகூடக் குடிக்க மாட்டார். அதனால் இந்த இடம் முடிந்த மாதிரிதான் என்று அம்மா நினைத்திருந்தாள். இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு மான் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தேன். வழியில் வந்த பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். உரக்கடை, டயர் கடை, 'மெதுவாகச் செல்லவும்' என்று எதையும் விடவில்லை. அந்தக் கடைசிப் பலகையைப் படித்ததும் மாமா நிஜமாகவே மெதுவாகப் போனார். அவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை. தண்டராம்பட்டில் டீ குடித்தோம். ஒரு கொல்லையில் மயில்கள் மேய்ந்ததைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினோம். நிறுத்திய இடத்திலெல்லாம் மாமா கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார்.

அணைக்கட்டு முதலைப் பண்ணையில் ஒரு பெரிய முதலை வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. அப்பா கொத்தனார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சிமென்ட்டுதான். பூச்சு வேல நல்லா பண்ணியிருக்கான்" என்றார். முதலை கண்ணை மூடித் திறந்தது. அப்பா பின்னால் தாவியதில் மாமாவின் செருப்பு வார் அறுந்தது.

"உங்க மேஸ்திரி வேலய இதுகிட்டயும் காட்டணுமா?" என்று அம்மா சிரித்தாள். அறுந்த செருப்பைப் பின் குத்தி மாட்டிக்கொண்டு மாமா சிநேகிதர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வேகவைத்த வேர்க்கடலை கொடுத்தார்கள். தாவணி கட்டிய ஒரு அக்கா எனக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாக வைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சிநேகிதர் அப்பாவையும் அம்மாவையும் மாமாவையும் கிணறு காட்ட அழைத்துப் போனார். அக்கா கதவுக்கு உள்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தது. அக்காவின் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"வண்டி ஓட்டுறாரே ஒங்க மாமா, எப்படி ஆளுடா?"

எனக்கு மாமா என்றால் உயிர். பெருமையாகச் சொன்னேன்: "சூப்பர் ஆளு. நல்லா தண்ணி அடிப்பாரு."

கடலையை உரித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "தெனமுமா?"

"தெனமும்தான். வெயில் காலத்துல ஜாஸ்தி. பௌர்ணமின்னா ராத்திரி பூரா அடிப்பாரு. எங்கப்பாவும் சில நாள் கூடப் போவாரு."

"ஒங்கம்மா ஒண்ணும் கேக்காதா?"

"அம்மாதான் சோறு கட்டிக் குடுக்கும்."

அவர் மீதிக் கடலையைத் தட்டிலேயே போட்டுவிட்டார். கிணற்றிலிருந்து எல்லோரும் திரும்பியதும் சிநேகிதரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார். சிநேகிதர் முகம் தொங்கிப்போய் வந்தார். "பொழுதோட கெளம்புனா நல்லது" என்று அப்பாவிடம் வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார். எதனால் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் பெண் பார்க்க வந்தது என்று ஆகிவிடும். அம்மா ஜமுக்காளத்தை உதறினாள். மாமா சீப்பைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டார்.

நான்தான் கிளம்பவில்லை. மான் எங்கே என்று தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"சின்னப் பையன் ஆசப்பட்டு வந்திருக்கான். பின்னால ஏரிக்கர வரைக்கும் போய் காட்டிட்டு வந்துடறேன்" என்று அந்த அக்கா யார் பதிலுக்கும் காத்திராமல் என் கையைப் பிடித்தது.

கருவேல மரத்தடியில் குந்தினோம். அக்கா வாயில் விரலை வைத்தது. முதலில் ஒரு காது ஆடியது. பிறகு உடம்பெல்லாம் புள்ளிகளோடு ஒன்று வந்தது. அதன் பின்னால் ஐந்தாறு, கடைசியில் ஒரு குட்டி. தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

"பாவங்கா, தண்ணி சேறா இருக்கு" என்று கிசுகிசுத்தேன். "எங்க மலைக்காட்டுல மானுங்களுக்கு மாமாதான் தொட்டியில தண்ணி அடிச்சி உடுவாரு. காசுகூட வாங்க மாட்டாரு."

"என்ன அடிச்சி?"

"தண்ணிக்கா. டேங்கு வண்டியில. இன்னிக்கி நாங்க ஒக்காரணும்னு டேங்க எறக்கி வச்சிட்டாரு."

அக்கா என்னையே பார்த்தது. "பௌர்ணமிக்கு ராத்திரி பூரா அடிக்கிறது?"

"லாட்ஜுக்கு! கிரிவலத்துக்கு எவ்ளோ ஜனம் வரும்!"

தாவணித் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் பலனில்லை. ஏரிக்கரையே அதிரும்படி ஒரு சிரிப்பு வெடித்தது. மான்கள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. அடுத்த நொடி ஒன்றையும் காணோம்.

நான் அழுதுகொண்டே திரும்பினேன். அக்கா முன்னால் ஓடிப்போய்த் தன் அப்பாவின் காதில் ஏதோ சொன்னது. அவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, தண்ணி வண்டின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். விஷயம் தெரிந்ததும் சிநேகிதர், அப்பா, அம்மா எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாமா அப்போதுதான் நிமிர்ந்து அந்த அக்காவை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"இந்த அக்கா மானையெல்லாம் தொரத்திடுச்சி" என்று ஒவ்வொருவரிடமும் போய் முறையிட்டேன். யாரும் அக்காவைத் திட்டவில்லை. என் வாயில்தான் வெல்லத்தைத் திணித்தார்கள்.

ஆவணியில் அந்த அக்கா எங்கள் அத்தையாக வந்தாள். இப்போதும் பௌர்ணமிதோறும் மாமா வண்டியை எடுக்கும்போது, "இன்னிக்கி எத்தன அடிக்கிறதா உத்தேசம்?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

ஆனால் கல்யாணத்தன்று நான் அவளோடு பேசவே இல்லை. மானை விரட்டிய ஒருத்திக்கு எதற்காக இவ்வளவு பெரிய பந்தல் என்று கோபமாக இருந்தது. அன்றைக்கு அந்த வண்டியில் மான் பார்க்கப் போனவர்களில், மானை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான்.