வெள்ளிக்கிழமைப் பிடியரிசி

பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒரே பானையில் ஒன்றாக வேகாது. பச்சரிசி குழைந்து கூழாகிற நேரத்தில் புழுங்கலரிசி பல்லில் நறுக்கென்று நிற்கும். இது அடுப்படியில் நிற்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. நாள் முழுக்க வகுப்பில் தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்து, புடவைகூட மாற்றாமல் உலை வைக்கிற எனக்கும் இன்றைக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான். அப்போது என் வாய் அப்படி.

கடலூரில் சிஸ்டர்கள் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் நான் படித்தேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும். வகுப்புக்கு ஒரு வாளி. எல்லா வாளியும் மாதா சிலைக்குக் கீழே இருந்த நீல டிரம்மில் போய்க் கொட்டப்படும். மறுநாள் சிஸ்டர்கள் அதைக் கஷ்டப்படுகிற சில வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எந்த வீடுகள் என்று யாரும் கேட்கக் கூடாது. எங்கள் தலைமையாசிரியை பெரிய சிஸ்டர் அந்த ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. மற்றபடி அவர் எப்போது பார்த்தாலும் அசந்துபோனவர். அசெம்பிளியில் பேசும்போதுகூட ஒரு கை தூணைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஏழாம் வகுப்பு வாளி என் பொறுப்பு. நாங்கள் இந்துக் குடும்பம். கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதம் படிக்க மறைக்கல்விக்குப் போகும்போது நான் நீதிபோதனை வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன். ஆனால் பிடியரிசி வாங்குவதில் என்னைப் போலப் பக்தியுள்ளவள் அந்தப் பள்ளியிலேயே கிடையாது. பெஞ்சு பெஞ்சாகப் போவேன். "இன்னாடி இது, குருவிக்கு எறைக்கிற மாதிரி கொண்டாந்திருக்க?" என்று அதட்டுவேன். வாளி நிறைந்ததும் செபம் சொல்வதும் நானே. இந்த அரிசியை உண்ணப்போகும் ஏழைக் குடும்பங்களை ஆசீர்வதியும் ஆண்டவரே. கண்ணை மூடினால் அந்த ஏழைகள் எனக்கு வரிசையாக வருவார்கள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் கண் தெரியாத தாத்தா. பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு நிற்கும் அக்கா. ஐயோ பாவம் என்று சில நாள் எனக்கு அழுகையே வந்துவிடும்.

வாளியில் எத்தனையோ அரிசி விழுந்தாலும் ஒன்றே ஒன்று மட்டும் இன்னாருடையது என்று சொல்ல முடியும். அது ஜெசிந்தாவுடையது. அவள் போர்டிங் பிள்ளை, கீரப்பாளையத்துக்காரி. போர்டிங்கில் இருப்பவளுக்கு ஏது அரிசி? பிள்ளை வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று அவள் அப்பா, பார்க்க வரும்போதெல்லாம் சொந்த வயலில் விளைந்த சிவப்பரிசியை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்து அவள் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார். வாளியில் அவள் கைப்பிடி விழுந்தால் வெள்ளை அரிசிக்கு நடுவே செக்கச்செவேல் என்று தெரியும். இந்த அதிசயத்தை அம்மாவிடம் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன்.

என் அப்பாவுக்குச் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. என்னைச் சிஸ்டர்கள் பள்ளியில் சேர்த்தது அவர்தான். அங்கே போனால் இங்கிலீஷ் வரும், ஒழுக்கம் வரும் என்று நம்பினார். ஆனால் சேர்த்த அன்றே ஒரு நிபந்தனை போட்டார். "படிப்பு அவுங்ககிட்ட வாங்கிக்கலாம். வேற எதுவும் வாங்கக் கூடாது. வாங்கினன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே டிசி." சிஸ்டர்கள்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேக்கை முதலில் பிய்த்து வாயில் போடுவது அவர்தான். யாரிடமாவது கை நீட்டிவிட்டால் அப்புறம் அவர்கள் எதிரில் தலை நிமிர முடியாது என்பது அவர் எண்ணம், அவ்வளவுதான்.

நான் ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம் கம்பெனியை மூடினார்கள். சும்மா மெயின்டனன்ஸுக்குத்தான், சீக்கிரம் தெறந்துடுவாங்க என்று அப்பா சொன்னார். மாதாமாதம் அதையே சொன்னார். காலையில் யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டு மத்தியானம் திரும்பி வருவார். வேலை செய்த காலத்தில்கூட அவர் அப்படிக் களைத்து வந்து நான் பார்த்ததில்லை. ரேஷனிலும் எங்களுக்கு அரிசி கிடையாது. சம்பளம் ஒழுங்காக வந்த நாளில், நாம எங்க ரேஷன் அரிசி திங்கப்போறோம் என்று அப்பாவே சர்க்கரை கார்டாக மாற்றி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுச் சோறு கெட்டது. ஒரு வாய் கூழாக இருக்கும், அதே வாயில் இன்னொரு பக்கம் வேகாத பருக்கை கடிபடும். தம்பி தட்டைத் தள்ளிவிடுவான். "கஞ்சியும் இல்ல, சோறும் இல்ல, இன்னாம்மா இது?" என்று நான் முகத்தைச் சுளிப்பேன். அம்மா, தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு என்பாள், அடுப்பு சரியா எரியல என்பாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். வேலையில்லாத ஆள் சோற்றைக் குறை சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே வாசற்படியில் முறத்தோடு உட்காருவாள். கல் பொறுக்குகிறாள் என்று நினைத்தேன். பொறுக்கியதை எல்லாம் கோழிக்குப் போடுவாள். கோழி எதற்கு இத்தனை கல்லைத் தின்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இத்தனைக்கும் வகுப்பில் அறிவியலில் நான்தான் முதல் மார்க்கு.

அம்மா போனது மார்க்கெட்டுக்கு இல்லை, கான்வென்ட்டின் பின்வாசலுக்கு. இதை நான் சொல்லாமலே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த வீட்டில் இருந்த எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு போச்சு. அதனால்தான் என் வாய்க்குப் பயந்து, கண் வலிக்க வலிக்க அந்தச் சிவப்பரிசியைப் பொறுக்கித் தள்ளினாள். வெள்ளிக்கிழமை காலையில் அந்த அரிசியைப் போட்டு வைத்த டப்பாவிலிருந்தே ஒரு பிடி அள்ளி என் பையில் போட்டும் அனுப்பினாள். அள்ளின கையிலிருந்து கொஞ்சம் டப்பாவுக்குள்ளேயே உதிரும். உதிரட்டும் என்று விட்டுவிடுவாள். எத்தனை அலுப்பு இருந்திருக்கும் அவளுக்கு. அன்றைக்கு எனக்கு என் வாளிதான் பெரிதாக இருந்தது.

ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்து சுருண்டு கிடந்த வருடம் அது. ஒரு சனிக்கிழமை அரிசியோடு திரும்பும்போதே அம்மாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. விரல் ஒன்றும் மடங்கவில்லை. அரிசியை அப்படியே டப்பாவில் கொட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் அப்பா சமைக்க இறங்கினார்.

அரிசியைச் சட்டியில் போட்டுக் களைந்தவர், தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார். "என்னா இது, அரிசியில செவப்பு செவப்பா?"

அம்மா பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். "கடையில கலந்துட்டான் போலங்க. அப்படியே ஒலையில போடுங்க."

நான் சும்மா இருப்பேனா? எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. "ஐ, அப்பா! இது ஜெசிந்தா அரிசிப்பா. எங்க பிடியரிசி வாளி அப்படியே இப்படித்தான் இருக்கும்!" சட்டிக்குள் கையை விட்டேன். இது பச்சரிசி, இது ரேஷன், இது பொன்னி என்று விரலால் ஒதுக்கி ஒதுக்கிக் காட்டினேன். வாராவாரம் வாளியில் பார்க்கிறவள் அல்லவா, பாடம் ஒப்பிப்பது போலக் கடகடவென்று சொன்னேன்.

அப்பாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அரிசியை உலையில் போட்டார், கிண்டினார், வடித்தார். அம்மா வடித்ததைவிட மோசமாக வந்தது. எங்கள் தட்டில் போட்டார், அம்மாவுக்குக் கரைத்துக் கொடுத்தார், கடைசியில் தானும் உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் ரொம்ப நேரம் மென்றார். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார், பானையில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் போட்டுக்கொண்டார். அந்தச் சோற்றை யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு என்னிடம் சொன்னார்: "நாளைக்கு உங்க ஸ்கூலுக்கு வரேன்."

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, புள்ள படிப்புல கை வெச்சுடாதீங்க. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. எல்லாம் நான்தான்."

ஓடிப்போய் என் ஸ்கூல் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் என் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு மாதா படம் இருந்தது. நன்றாக அரிசி சேர்க்கிறேன் என்று பெரிய சிஸ்டர் கொடுத்தது. படிப்பைத் தவிர வேறு ஒன்றை வாங்கியிருந்தேன், அப்பா கண்டுபிடித்துவிட்டார், டிசிதான். அம்மாவோ என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இப்படித்தான் எனக்கு விளங்கியது. அம்மா எவ்வளவு நல்லவள் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாகப் படத்தை ஜெசிந்தாவிடம் கொடுத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அப்பா யூனிஃபார்ம் சட்டையோடு ஆபீஸ் அறைக்குள் போவது தெரிந்தது. கணக்கு டீச்சர் போர்டில் என்னென்னவோ எழுதினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கதவு திறந்தபோது அப்பா கையில் டிசி இல்லை. அவரும் பெரிய சிஸ்டரும் கிணற்றுப் பக்கம் நடந்தார்கள். அடுத்த பீரியடில் பார்க்கிறேன், அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு மோட்டாரைப் பிரித்து வைத்துக் குந்தியிருக்கிறார். பக்கத்தில் பெரிய சிஸ்டர் வெயிலில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அறைக்குள் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கெல்லாம் பிறகு. "இதுவரைக்கும் வந்த அரிசி வந்ததாவே இருக்கட்டும் சிஸ்டர். ஆனா சும்மா வாங்கினதா இருக்கக் கூடாது, எதாவது வேலை குடுங்க" என்றாராம் அப்பா. சிஸ்டர் சமாதானம் சொல்லவில்லையாம், பைபிள் வசனமும் சொல்லவில்லையாம். அதற்கெல்லாம் அவருக்குத் தெம்பு ஏது? மோட்டார் ரிப்பேராகித் தண்ணீரே ஏறவில்லை, போர்டிங் பிள்ளைகள் குடத்தில் தூக்கித் தூக்கி ஓய்ந்துபோகிறார்கள், கொஞ்சம் வந்து பார்க்கிறீர்களா என்று மட்டும் கேட்டாராம்.

மத்தியானத்துக்குள் டேங்க்கில் தண்ணீர் விழுந்தது. போர்டிங் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அதற்குப் பிறகு அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. ஆடுகிற பெஞ்சு, கழன்ற கீல், ஒழுகும் குழாய் என்று அந்தப் பள்ளியில் எதையாவது பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிதம்பரத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை கிடைத்துப் போகிறவரைக்கும் அப்படித்தான். சனிக்கிழமை அரிசியும் அதுவரைக்கும் வந்தது. அம்மா சிவப்பைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் தேறவே இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாவுக்கு மாதாமேல் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். டிசி வாங்கவிடாமல் காப்பாற்றியதும் மாதாதான் என்று முடிவு கட்டி, படத்தை ஜெசிந்தாவிடம் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

மோட்டார் ஓடிய அதே வாரத்து வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவின் விரல் இன்னும் மடங்கவில்லை. டப்பாவைத் திறந்தது அப்பா. ஐந்து விரலையும் ஆழமாக விட்டு அள்ளினார். ஒரு மணிகூட உதிராமல் கையை மூடி, என் பைக்குள் கொண்டுவந்து திறந்தார். பை கனத்தது.

"இவ்ளோ வேணாம்பா. ஒரு பிடிதான் கேப்பாங்க."

"ஒரு பிடிதான் இது" என்றார்.

அன்றைக்கு என் அரிசியை எல்லாரும் பார்க்கட்டும் என்று முதல் ஆளாக வாளியில் கொட்டினேன். அப்பாவின் கை பெரிது என்று ஒரே பெருமை. வாளி நிறைந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இதை உண்ணப்போகும் ஏழைக் குடும்பங்களை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று வழக்கத்தைவிடச் சத்தமாகவே செபம் சொன்னேன். ஸ்டேஷன் தாத்தா வந்தார். பஸ் ஸ்டாண்டு அக்கா வந்தாள். எங்கள் வீடு வரவில்லை.